டீச்சருக்கும் ஒரு வடிகால்: டெல்டா ஆசிரியர்கள் மனதைப் பார்த்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். பள்ளி விட்டு வரும் வழியில் கோரையாற்றங்கரையில் ஸ்கூட்டியை ஓரங்கட்டினேன். மழையும் இல்லை, வண்டியில் கோளாறும் இல்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஆற்றைப் பார்த்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை; மறுநாள் பள்ளிக்குப் போவதை நினைத்தாலே வயிற்றைப் பிசைந்தது. மண்வெட்டியோடு வந்த பெரியவர் ஒருவர், "என்ன டீச்சரம்மா, வண்டி நின்னுடுச்சா?" என்றார். "இல்லைங்கய்யா, சும்மாதான்" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் கவனித்தாரா தெரியாது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு நாலு நாளாகத் தன் சம்பா முழுகிக் கிடப்பதைப் புலம்பிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னது வயலைத்தான். ஆனால் நம் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வராமல் கருகுகிற பயிரும் உண்டு, வந்த தண்ணீர் வடியாமல் அழுகுகிற பயிரும் உண்டு. ஆசிரியர்களுக்கு அறிவுரை சொல்கிறவர்கள் எல்லோரும் நம்மை முதல் வகை என்றே நினைத்துக்கொண்டு ஊக்கம், உற்சாகம், புத்தாக்கப் பயிற்சி என்று மேலும் மேலும் தண்ணீர் விடுகிறார்கள். எனக்கு நடந்தது இரண்டாவது. பத்தொன்பது வருட சர்வீஸில் உள்ளே வந்ததெல்லாம் வெளியே போக நான் வழியே வைத்திருக்கவில்லை.

நான் மருத்துவர் இல்லை, நடுநிலைப் பள்ளி ஆசிரியை. சிகிச்சை எடுத்துக்கொண்டபோது கற்றதும், உடன் வேலை பார்ப்பவர்களிடம் பார்த்ததும்தான் இதில் இருக்கின்றன. அரசுப் பள்ளியை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். தனியார் பள்ளிக்காரர்களுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

படி 1: வந்திருப்பது என்னவென்று பாருங்கள்

"டயர்டா இருக்கு" என்ற ஒரே சொல்லில் மூன்று நான்கு விஷயங்களைப் போட்டு மூடிவிடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

களைப்பு என்றால் இரண்டு நாள் தூங்கினால் தெளிந்துவிடும். பொங்கல் லீவு முடிந்து வந்ததும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் அது வெறும் களைப்புதான்.

பர்ன் அவுட் வேறு. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியல், இதை நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்து வரும் ஒரு நிலை என்று குறிக்கிறது. அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சலும் ஏளனமும் வருவது, என்ன செய்தும் பயனில்லை என்று தோன்றுவது. வகுப்பறைப் பாஷையில் சொன்னால், முதல் பீரியடே எட்டாவது பீரியட் மாதிரி இருக்கும். "இதுங்களுக்குச் சொல்லி என்ன ஆகப்போவுது" என்று வாய் தானாகச் சொல்லும். நோட்டில் சிவப்பு மையில் டிக் விழும், கண் ஒரு வரியும் படித்திருக்காது. இரண்டாவது அடையாளம்தான் நம்மை வெட்கப்பட வைக்கும், அதனால் அதைத்தான் மறைப்போம். நான் பார்த்தவரை, ஒரு காலத்தில் சொந்தக் காசில் சார்ட்டும் கலர் பென்சிலும் வாங்கிக் கொடுத்தவர்கள்தான் இங்கே வந்து நிற்கிறார்கள்.

மனச்சோர்வு நோய், அதாவது டிப்ரஷன், பள்ளியோடு நிற்காது. இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருக்கிறதா? பிடித்த எதுவும் பிடிக்காமல் போயிற்றா? கோயில் கச்சேரி, சீரியல், தங்கச்சி பிள்ளையின் மழலை எல்லாமே ஒன்றுபோலச் சப்பென்று இருக்கிறதா? அதோடு தூக்கம், பசி, கவனம் கெடுவது, 'நான் ஒன்றுக்கும் உதவாதவள்' என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்தால் லீவு போட்டு மட்டும் அது சரியாகாது.

பதற்ற நோய் பெரும்பாலும் உடம்பு வழியாக வரும். நெஞ்சு படபடப்பு, வயிறு கலங்குவது, தலை கனப்பது. எங்கள் பள்ளி சார் ஒருவர் ஒரே வருடத்தில் மூன்று தடவை ஈ.சி.ஜி. எடுத்தார். மூன்றும் நார்மல். சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) விசிட் என்று செய்தி வரும் நாட்களில்தான் நெஞ்சு வலி வந்தது என்பதை அவர் மனைவிதான் கணக்குப் பார்த்துச் சொன்னார்.

உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தை மனதில் வைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி செத்துப்போகலாம், உடம்பை ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எது விழுந்தாலும் மொத்த மார்க்கைப் பார்க்க வேண்டாம், நேராகப் படி 9-க்குப் போங்கள். மார்க் போட்டே பழகிய நமக்கு ஒரு எச்சரிக்கை: இது தேர்வு இல்லை, நோயை முடிவு செய்வதும் மருத்துவர்தான்.

ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி-12. இவற்றில் எது கெட்டாலும் மனச்சோர்வு மாதிரியே இருக்கலாம். எனக்குத் தைராய்டு கூடக்குறைய இருந்தது. "அப்பாடா, இதுதான் காரணம்" என்று நிம்மதியாகி மற்றதை ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

படி 2: பாரத்தை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு வாரம், ஒரு பழைய ரஃப் நோட்டில், மனதை அழுத்திய ஒவ்வொன்றையும் அந்த நேரமே ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருந்தது:

"9.40. ஆப்பில் வருகை ஏறவில்லை. டவர் இல்லை. மாடிப்படியில் நின்று இரண்டு தடவை.
11.15. மூன்றாம் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள்.
1.10. ஏழாம் வகுப்புப் பையன் சாப்பிடவில்லை. அப்பா நேற்று குடித்துவிட்டு அடித்தாராம்.
3.50. 'மிக அவசரம், மாலை 4 மணிக்குள்.' ஒரு படிவம்.
இரவு 9.20. அதே படிவம். வேறு வடிவத்தில்."

வார முடிவில், நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மாதிரி, இந்த வரிகளை மூன்றாகப் பிரியுங்கள்: என் கையில் இருப்பது, யாரிடமாவது பேசினால் மாறக்கூடியது, என் கையில் இல்லாதது.

எனக்கு ஆச்சரியம் தந்தது நடுவில் இருந்த பட்டியல்தான். ஆப்பில் வருகை போடுவதை டவர் கிடைக்கும் போன் வைத்திருந்த இன்னொரு டீச்சர் ஏற்றுக்கொண்டார், பதிலுக்கு அவருடைய மதிய உணவுப் பதிவேட்டை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடமாக இருவரும் தனித்தனியாகப் புழுங்கியிருக்கிறோம். கேட்டது இரண்டு நிமிடம்.

கற்பித்தல் இல்லாத வேலைகள் பற்றிச் சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. இதைச் சுவரில் ஒட்டிவிட்டால் நாளைக்கே படிவங்கள் நிற்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் 'இதைக்கூட என்னால் முடிக்க முடியவில்லையே' என்று நம்மை நாமே குத்திக்கொள்வதாவது குறையும்.

மூன்றாவது பட்டியலில் சிலது நெஞ்சில் கல்லாகக் கிடக்கும். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சொன்ன நாளிலிருந்து, இருபது வருட சர்வீஸ்காரர்கள் ராத்திரி தூக்கம் இல்லாமல் தவித்ததை ஒவ்வொரு ஸ்டாஃப் ரூமிலும் பார்த்திருப்பீர்கள். தீர்ப்பு நம் கையில் இல்லை, அதை எதிர்ப்பதைச் சங்கம் பார்க்கட்டும். நம் கையில் இருப்பது தினம் முக்கால் மணி நேரப் படிப்பு. இரண்டையும் ஒரே உருண்டையாகப் பிசைந்து வைத்தால் படிக்கவும் முடியாது, தூங்கவும் முடியாது.

இதற்கு 'கவலை நேரம்' என்று ஒரு முறை இருக்கிறது, எனக்குப் பலித்தது. மாலை ஆறிலிருந்து ஆறேகால் வரை, அதே நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாவது பட்டியலை எடுத்து நன்றாகக் கவலைப்படுங்கள். மற்ற நேரத்தில் அது எட்டிப் பார்த்தால், "ஆறு மணிக்கு வா" என்று திருப்பி அனுப்புங்கள். முதல் வாரம் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். மூன்றாவது வாரத்தில் ஆறு மணிக்குக் கவலைப்பட விஷயம் தேடிக்கொண்டிருந்தேன்.

படி 3: உங்கள் வருடத்தைக் குறித்து வையுங்கள்

பாரம் வருடம் முழுக்க ஒரே அளவில் வருவதில்லை. வழக்கமாக மேட்டூர் திறக்கிற ஜூன் 12-ஐ ஒட்டித்தான் நமக்கும் பள்ளி திறக்கிறது. சேர்க்கை, புத்தகம், சீருடை, பதிவேடு என்று அந்த மாதம் ஓடிவிடும். குறுவை அறுப்பு நாட்களில் வருகை குறையும், அதற்கும் கேள்வி நம்மிடம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை. கலெக்டர் அறிவிப்புக்காகக் காலை ஆறு மணிக்கே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். விடுமுறை விட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், நமக்கு போர்ஷன் பயம், அப்புறம் சனிக்கிழமை வகுப்பு. உயர்நிலை, மேல்நிலைக்காரர்களுக்கு தையிலிருந்து பங்குனி வரை ரிவிஷனும் பொதுத்தேர்வும், மே மாதம் ரிசல்ட்டும் தேர்ச்சி விழுக்காடு விசாரணையும். தனியார் பள்ளியில் கோடை என்றால் வெயிலில் வீடு வீடாக அட்மிஷன் பிடிக்கிற காலம்.

போன இரண்டு வருடத்தில் எந்தெந்த மாதம் உடைந்தீர்கள் என்று காலண்டரில் வட்டம் போடுங்கள். எனக்கு இரண்டு வருடமும் கார்த்திகை. அதனால் இப்போது அந்த மாதத்தில் புதிதாக எதையும் ஒப்புக்கொள்வதில்லை, நாத்தனார் வீட்டு விசேஷப் பொறுப்பு உட்பட. வருடத்துக்கு 12 நாள் இருக்கும் தற்செயல் விடுப்பில் இரண்டை அந்த மாதத்துக்கு என்று எடுத்து வைக்கிறேன். காய்ச்சல் வந்தால்தான் லீவு என்று வளர்ந்த தலைமுறை நாம். முதல் தடவை உடம்புக்கு ஒன்றுமில்லாமல் சி.எல். போட்ட அன்று மத்தியானம் வரை குற்ற உணர்ச்சி. அப்புறம் தூங்கிவிட்டேன்.

சில தேதிகள் நமக்கு மட்டும் கனக்கும். ஜூலை 16 வந்தால் கும்பகோணம் பள்ளித் தீயில் போன 94 பிள்ளைகள் ஞாபகத்துக்கு வருவார்கள், 2004-இல் வேலையில் இருந்த யாருக்கும். சுனாமி வந்த டிசம்பர் 26-உம், கஜா புயல் கரையேறிய நவம்பர் 16-உம் அப்படித்தான். கஜா சமயம் தன் வீட்டு ஓடு பறந்துபோன டீச்சர், முகாமாக மாறியிருந்த பள்ளியில் மற்றவர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர் அழுதது அடுத்த வருட மழையில். காரணமில்லாமல் மனம் கனக்கிற நாளில் தேதியை ஒரு தடவை பாருங்கள்.

படி 4: வகுப்பறைக்குள்

நான் சிகிச்சைக்குப் போக முடிவெடுத்தது ஒரு டஸ்டரால். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிந்திய பீரியட். மின்விசிறி ஓடவில்லை. பின்னங்கள் நடத்துகிறேன், கடைசி பெஞ்சில் ஒருவன் சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரித்ததாக எனக்குத் தோன்றியது. கையில் இருந்த டஸ்டர் எப்படிப் பறந்தது என்று தெரியாது. அவன் தோளுக்குப் பக்கத்தில் சுவரில் பட்டு வெள்ளைப் பொடி கொட்டியது. வகுப்பே கப்சிப். அவன் சிரித்தது ஜன்னலில் இருந்த ஓணானைப் பார்த்து. அன்று சாயந்திரம்தான் மேலே சொன்ன கோரையாற்றங்கரை.

பிள்ளைகளை அடிப்பதும் மனதைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை. மறுநாள் அவனிடம் வகுப்பு முன்பாகவே மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓணான் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தான். மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: போகவில்லை.

கோபம் வருவதற்கு முன் உடம்பு சொல்லும். எனக்குத் தாடை இறுகும், குரல் ஒரு கட்டை ஏறும். உங்களுடையது என்ன என்று கண்டுபிடியுங்கள். அது வந்ததும் கரும்பலகை பக்கம் திரும்பி எதையாவது எழுதுங்கள், தேதியை அழித்து மறுபடி எழுதினாலும் போதும். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து தடவை. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு இறங்கும். கும்பிட்டு உட்கார்ந்து செய்ய வேண்டிய பிராணாயாமம் இல்லை இது, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நிமிடத்தில் முடிக்கிற வேலை.

மத்தியானத்தின் முதல் பீரியடில் கத்திக் கத்தி நடத்த வேண்டிய பாடத்தை வைக்காதீர்கள். குழு வேலை, வரைதல், வாசிப்பு. குரலைக் காப்பாற்றினால் மனதில் பாதி காப்பாற்றிய மாதிரி. தண்ணீர் பாட்டிலை மேஜை மேல் வையுங்கள். பாத்ரூம் சரியில்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க இருக்கும் டீச்சர்கள் நம்மில் எத்தனை பேர்! தலைவலி, நீர்க்கடுப்பு, எரிச்சல் மூன்றுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கழிப்பறையைச் சரிசெய்யக் கேட்பதையும் மனநலக் கோரிக்கையாகவே எண்ணி எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்தில் எழுத்தில் வையுங்கள்.

படி 5: போனை எங்கே வைப்பது

எச்.எம். (தலைமை ஆசிரியர்) குரூப், ஒன்றிய குரூப், சி.ஆர்.சி. (குறுவள மையம்) குரூப், பெற்றோர் குரூப், சங்கத்தின் இரண்டு குரூப். அத்தனையிலும் "உடனடி". எல்லாவற்றையும் மியூட் செய்யுங்கள், எச்.எம்.-மின் போன் அழைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் அவர் அழைப்பார். மாலையில் ஒரு தடவை, எட்டு மணிக்கு, பத்து நிமிடம் பார்த்துவிட்டு மூடுங்கள். தனியார் பள்ளியில் உடனே பதில் போடாவிட்டால் வேலைக்கே வேட்டு என்றால், "பார்த்தேன், காலையில் அனுப்புகிறேன்" என்ற வரியைத் தயாராக வைத்துக்கொண்டு ஒட்டிவிடுங்கள். படுக்கை அறையில் போன் வேண்டாம். மலிவான தத்துவமாகத் தெரியும், ஆனாலும் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன், இரவுகள் மாறின.

படி 6: பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதகு

பள்ளியில் அடக்கிய கோபம் வீட்டில் தோசைக்கல் மேல் இறங்கும். அதனால் நடுவில் பத்து நிமிடம் வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது இயல்பாகவே கிடைக்கிறது, அதில் படிவம் நிரப்பாமல் இருந்தால். வயலைப் பாருங்கள், பக்கத்து சீட் அம்மாவிடம் கத்திரிக்காய் விலை கேளுங்கள். வண்டியில் போகிறவர்கள் ஒரு இடத்தில் நிறுத்துங்கள். அன்றைய நாளில் நடந்த ஒரு நல்ல விஷயத்தைப் பேர் சொல்லி நினையுங்கள்: 'இன்று இந்தப் பெண் கடன் வாங்கிக் கழித்தல் போட்டாள்.' அப்புறம் கிளம்புங்கள்.

வீட்டில் யார் எதைச் செய்வது என்பதும் இதில்தான் வருகிறது. காலை நாலரைக்கு எழுந்து இரண்டு வேளைச் சமையலை முடித்துவிட்டு வருகிற டீச்சருக்கு மூச்சுப் பயிற்சி சொல்வதைவிட, அவர் கணவருக்குக் காய் நறுக்கச் சொல்வது நல்ல வைத்தியம். என் வீட்டில் இது இரண்டு சண்டைக்குப் பிறகு நடந்தது.

தூக்கத்துக்கு ஒரு வார்த்தை. கும்பகோணம் டிகிரி காபியை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கடைசி டம்ளரை மத்தியானம் மூன்றுக்குள் முடித்துவிடுங்கள். சார்களுக்கும் ஒன்று: இரவு கட்டிங் போட்டால் தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், நடு இரவில் விழிப்பு வரும், காலையில் மனம் இன்னும் கீழே கிடக்கும். அது வடிகால் இல்லை, இன்னொரு வாய்க்கால்.

படி 7: பேச ஒரு ஆள்

ஸ்டாஃப் ரூமில் நாம் நிறையப் பேசுகிறோம். பெரும்பாலும் அரியர், டிரான்ஸ்ஃபர், யார் யாருக்கு வேண்டியவர். பேசி முடித்ததும் மனம் இன்னும் கொதிக்கும். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, "எனக்கு வழி சொல்ல வேண்டாம், பத்து நிமிடம் கேட்டால் போதும்" என்று கேளுங்கள். முடிந்தால் வேறு பள்ளிக்காரராக இருக்கட்டும், பள்ளிக்குள் அரசியல் ஆகாது. நானும் பயிற்சிப் பள்ளித் தோழி ஒருத்தியும் வியாழக்கிழமை இரவு போனில் பேசுகிறோம், அவளுக்குப் பத்து நிமிடம், எனக்குப் பத்து நிமிடம்.

பள்ளியைத் தவிர வேறு ஒரு அடையாளமும் வேண்டும். கோலம், கோயில் பஜனை, தோட்டம், எதுவாக இருந்தாலும் சரி. அங்கே உங்களை யாரும் டீச்சர் என்று கூப்பிடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பிள்ளைகள் சொல்லும் துயரத்தைத் தனியாகச் சுமக்காதீர்கள். அடி, குழந்தைத் திருமணம், பட்டினி என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் தொல்லை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காமல் இருப்பதுதான் குற்றம். உரிய இடத்தில் ஒப்படைத்த பிறகும் மனம் கிடந்து அடித்துக்கொண்டால் அதைப் பேசுவதற்குத்தான் வியாழக்கிழமை.

படி 8: மருத்துவரைப் பார்ப்பது

இவ்வளவும் செய்து மூன்று நாலு வாரத்தில் மாற்றம் இல்லை, அல்லது செய்யவே தெம்பு இல்லை என்றால் போய்விடுங்கள். வேலைக்குப் போக முடியவில்லை, சாப்பிட முடியவில்லை என்றால் நாலு வாரம் காத்திருக்கவும் வேண்டாம்.

எங்கே என்பதில் சிரமம் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் சில அரசு மருத்துவமனைகளுக்கு வந்து பார்க்கிறார்கள், எந்த நாள் என்பதைப் பக்கத்து அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். நேரில் போகத் தயக்கமா? 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சி.எல்.-லே கிடைக்காத தனியார் பள்ளி ஆசிரியர்கள் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் நின்றபடி பேசிவிடலாம்.

பயம் எல்லாம் 'யாராவது பார்த்துவிட்டால்?' என்பதுதான். நானும் முகத்தை முந்தானையால் பாதி மூடிக்கொண்டுதான் ஓ.பி. சீட்டு வாங்கினேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்தில் ஒரு குரல்: "வணக்கம் டீச்சர்." என் வகுப்புப் பெண்ணின் அம்மா. எனக்கு உயிரே போயிற்று. அவர் நகர்ந்து இடம் விட்டு, "ரெண்டு வருசமா வர்றேன் டீச்சர். மொத நாளு இப்படித்தான் இருக்கும். காலி வயித்தோட வந்திருந்தீங்கன்னா வெளில இட்லி நல்லாருக்கும்" என்றார். ஊரில் இன்றுவரை அவர் யாரிடமும் சொன்னதாக என் காதுக்கு வரவில்லை.

முதல் நாள் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் படி 2-இல் எழுதிய நோட்டைக் கொண்டுபோங்கள். எப்போது தொடங்கியது, தூக்கம், பசி, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், மாதவிடாய் நிற்கிற காலமா, இவ்வளவும் கேட்பார்கள். லேசான நிலைக்குப் பேச்சு சிகிச்சையே போதும் என்பார்கள். மாத்திரை கொடுத்தால் நாலு விஷயம் தெரிந்திருக்கட்டும். மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை போல அன்றே கேட்காது, பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகலாம். முதல் வாரத்தில் குமட்டல், லேசான படபடப்பு வரலாம், பெரும்பாலும் தானாக அடங்கும். அதிகமானால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இது தூக்க மாத்திரை மாதிரி அடிமையாக்குகிற வகை இல்லை. நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், குறைப்பதும் படிப்படியாகத்தான்.

வேலை? அரசுப் பணியில் மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு எடுக்கலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம், உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது. உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எச்.எம்.-மிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். "சிகிச்சையில் இருக்கிறேன்" என்ற இரண்டு சொல் போதும், நான் அதற்கு மேல் சொல்லவில்லை.

படி 9: சாவு எண்ணம் வந்தால்

தனியாக இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்பி, "எனக்குச் செத்துப்போகலாம் போல இருக்கு, கூட இரு" என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். 14416 அல்லது மருத்துவ உதவி எண் 104-ஐ அழையுங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. நம் பகுதியில் இன்னொன்றும் செய்ய வேண்டும்: வீட்டில் வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து இருந்தால் அன்றே பக்கத்து வீட்டிலோ பூட்டுக்குள்ளோ போகட்டும், சாவி உங்களிடம் வேண்டாம். அந்த எண்ணம் அலை மாதிரி ஏறி இறங்கும், ஏறியிருக்கிற நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

உடன் வேலை பார்ப்பவர் திடீரென்று எல்லோரிடமும் விடைபெறுகிற மாதிரிப் பேசினாலோ, பொருட்களைப் பிரித்துக் கொடுத்தாலோ நேராகக் கேளுங்கள்: "டீச்சர், செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அன்று அவரைத் தனியாக பஸ் ஏற்றிவிடாதீர்கள்.

படி 10: மறுபடி வராமல் பார்த்துக்கொள்வது

வரலாம். வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருவதற்கு முன் உங்களுக்கு என்னென்ன நடக்கிறது என்று மூன்றே வரி எழுதி, கூட இருக்கிற ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஆரம்பத்தில் நமக்கே தெரியாது, அவர்களுக்குத் தெரியும். என் பட்டியல் வீட்டுக்காரரிடம் இருக்கிறது: படிக்காமல் டிக் போடுவது, ஞாயிறு சாயந்திரம் வயிற்றைப் பிசைவது, காரணமில்லாமல் வண்டியை நிறுத்துவது.

போன கார்த்திகையில் ஒரு நாள் வீட்டுக்கு வர அரை மணி நேரம் தாமதம். கோரையாறு அன்றும் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"ஏம்மா லேட்டு?"

"சும்மாதான், ஆத்தங்கரையில நின்னேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "எந்தச் சும்மா?"

ஒரு நிமிடம் யோசித்தேன். "பழைய சும்மாதான்னு நினைக்கிறேங்க" என்றேன். புதன்கிழமை ஓ.பி. நாள். சி.எல். எழுதி அன்றைக்கே பையில் வைத்துக்கொண்டேன்.